நவராத்திரிக்கு வீடு அலங்கரிக்க ஓர் எட்டு முழ வேட்டி போதும்!

புரட்டாசி பிறந்துவிட்டால் மைசூர் நகரமே புதுக் கோலம் பூண்டுவிடுகிறது. சாலைகளில் பள்ளம் அடைபடுகிறது. வட்டங்களுக்கு வர்ணம் ஏறுகிறது. அரண்மனையின் லட்சம் விளக்குகள் ஒன்பது நாளும் எரிகின்றன. 1610-ம் ஆண்டு ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தொடங்கி வைத்த விழா இது. அரசுக்கு இதற்கென்று நிதி ஒதுக்கீடு உண்டு. வாடகை வீட்டில் குடியிருக்கும் ரயில்வே தொழிலாளிக்கும், கம்பெனி குமாஸ்தாவுக்கும், மில் வேலை போய் சில்லறை வேலை பார்ப்பவருக்கும் யார் ஒதுக்கித் தருவார்கள்? போனஸ் வந்தால் உண்டு. அதுவும் வருவதற்கு முன்பே பாதி செலவாகியிருக்கும்.

ஆனாலும் இந்த ஒன்பது நாளும் வீட்டுக்கு நாலு பேர் வருவார்கள். தமிழ்நாட்டில் கொலு வைப்பவர் வீட்டுக்கு மட்டும்தான் கூட்டம். மைசூரில் அப்படியில்லை. இது பொம்மைகளின் ஊர். பக்கத்து வீட்டு அஜ்ஜி வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள வருவார். சாயங்காலம் ஆனால் தெருப் பிள்ளைகள் கும்பலாக வந்து, "கொம்பெ கூர்சித்தீரா?" என்று வாசலில் நின்று கேட்கும். அவர்களுக்குச் சுண்டலோ முறுக்கோ கொடுப்பதற்குப் 'பொம்பெ பாகின' என்றே இங்கே பெயர். வருகிறவர்கள் முன்னால் காரை பெயர்ந்த சுவரும், கறை படிந்த ஜன்னலுமாக நிற்க எந்த இல்லத்தரசிக்கு மனம் வரும்? இந்த மனக்குறையைத்தான் பலர் தவணையில் திரைச்சீலை வாங்கியும், கைமாற்று வாங்கியும் தீர்த்துக்கொள்கிறார்கள். தீபாவளி வரும்போது கடன் முன்னால் வந்து நிற்கிறது.

அதற்கு அவசியமே இல்லை. பெட்டிக்குள் இருக்கும் துணியே போதும்.

முழக் கணக்கு

முதலில் கொலுப் படி. சாதாரணமாக வீட்டில் அமைக்கும் படி ஒன்பது அங்குல உயரமும் ஒன்பது அங்குல அகலமும் இருக்கும். ஆக ஒரு படியை மேலும் முன்னுமாக மூடப் பதினெட்டு அங்குலத் துணி வேண்டும். பதினெட்டு அங்குலம் என்பது ஒரு முழம். படி ஒன்றுக்கு முழம் ஒன்று! நம் பெரியவர்கள் எண்ணிச் செய்தார்களோ, தற்செயலாக அமைந்ததோ, கணக்கு மிகச் சுலபமாகப் போய்விட்டது. ஓர் எட்டு முழ வேட்டியை மேலிருந்து கீழாக நீளவாட்டில் விரித்தால் ஏழு படிக்கு ஏழு முழம் போக, ஒரு முழம் உச்சியில் பின்பக்கம் செருகிக்கொள்ள மீதி இருக்கும். அகலம் நாலடிக்குக் கொஞ்சம் கூடுதல். பத்துக்குப் பத்து அறையில் அதற்கு மேல் அகலமாகப் படி கட்ட இடமும் கிடையாது. மூன்று படி வைப்பவருக்கு நாலு முழ வேட்டியே தாராளம்.

பலகை இல்லையே என்பவர்கள் டிரங்குப் பெட்டி, அரிசி டின், பெஞ்சு, பழைய புத்தகக் கட்டு என்று அடுக்குகிறார்கள். தவறில்லை. ஆனால் டின்னின் விளிம்பும் பெட்டியின் பூட்டும் மெல்லிய வேட்டி வழியாகத் தெரியும். ஆகவே முதலில் ஒரு பழைய போர்வையை மடித்துப் போட்டு, அதன்மேல் வேட்டியை விரிக்க வேண்டும். பொம்மைகளும் ஆடாமல் நிற்கும். வேட்டிக்கு முதல்நாள் கெட்டியாகக் கஞ்சி போட்டு, ஒரு சொட்டு நீலமும் விட்டு இஸ்திரி செய்தால் படியின் முனை கத்தி போல் நிற்கும். புது வேட்டிதான் வேண்டும் என்று சிலர் பிடிவாதம் பிடிப்பார்கள். அலசி வெளுத்த பழைய வேட்டிக்கு உள்ள படிமானம் புதுசுக்கு வராது என்பது என் கட்சி.

பொம்மைகள் பல வர்ணம். அதனால் படி வெள்ளையாகவும், பின்திரை பூவேலை இல்லாத ஒரே நிறமாகவும் இருக்க வேண்டும். அரக்கு, கரும்பச்சை, மயில்கழுத்து நிறம் எதுவானாலும் சரி. பூப்போட்ட நைலான் புடவையைப் பின்னால் தொங்கவிட்டு, அதன் முன்னால் தசாவதாரத்தை நிறுத்தினால் மச்சம் எது, கூர்மம் எது என்றே தெரியாமல் போகும்.

மைசூர் சில்க் வேண்டுமா?

மைசூரில் இருந்துகொண்டு பட்டைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 1912-ல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் ஏற்பட்ட பட்டு நெசவாலை மானந்தவாடி சாலையில் இன்றும் ஓடுகிறது. 1980 முதல் கர்நாடகப் பட்டுத் தொழில் கழகத்தின் கையில் இருக்கிறது. 2005-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. முறுக்கேற்றிய இழையில் நெய்த அந்தக் கிரேப் பட்டு, மடிப்பு மடிப்பாகத் தண்ணீர் போல் விழும். திரைக்கு அதைவிட அழகான துணி வேறில்லை. ஆனால் இன்று ஒரு புடவையின் விலை ஒரு குமாஸ்தாவின் சம்பளத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அதைச் சுவரில் தொங்கவிடுவதற்கு வாங்குவது கிறுக்குத்தனம்.

கல்யாணத்துக்கு எடுத்த பட்டு பெட்டியில் தூங்குகிறதே, அது போதும். ஓர் எச்சரிக்கை மட்டும். பழைய பட்டு மடிப்பில்தான் முதலில் கிழியும். கிளிப் மாட்டி நாலு முனையில் தொங்கவிட்டால் ஜரிகையின் கனம் தாங்காமல் விட்டுவிடும். அம்மா கட்டிய புடவை அப்படிக் கிழிந்தால் அந்த வருத்தம் எந்தப் பண்டிகையிலும் ஆறாது. ஆகவே துணி உலர்த்துவது போலக் கயிற்றின்மேல் மடித்துப் போட வேண்டும். கனம் சமமாகப் பரவும். கயிற்றில் முதலில் ஒரு பழைய துண்டைச் சுற்றிவிட்டால் இன்னும் நல்லது.

கயிற்றை எங்கே கட்டுவது என்பதுதான் வாடகை வீட்டுக்காரரின் நிஜமான பிரச்னை. ஆணி அடித்தால் வீட்டுக்காரர் முகம் மாறும். காலி செய்கிற நாளில் அட்வான்ஸில் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். சுவரை விட்டுவிட்டு மரத்தைப் பிடியுங்கள். ஜன்னல் கம்பியிலிருந்து கதவு நிலைக்கு ஒரு நைலான் கயிறு இழுத்துக் கட்டலாம். இரண்டு மூங்கில் கழிகளைப் படியின் இரு பக்கமும் பெட்டிகளோடு சேர்த்து இறுக்கிக் கட்டி, குறுக்கே ஒரு கழி போட்டால் சுவரைத் தொடாமலே திரை நின்றுவிடும்.

கொலு வைக்காதவர்களுக்கு

நம்மவர்களில் கொலு வழக்கம் இல்லாத குடும்பங்களே அதிகம். மாதாவை வணங்குகிறவர்களும், தொழுகைக்குப் போகிறவர்களும் உண்டு. மழை விட்டு வெளிச்சம் திரும்பும் இந்தச் சரத் காலத்தில் வீட்டைத் துடைத்து மெருகேற்றுவது எல்லோருக்கும் பொதுதானே. அவர்களுக்கு உதவுவது பழைய கைத்தறிப் புடவை.

புடவை நீளம் ஐந்தரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசல் கதவின் உயரம் ஏழடி, அதாவது இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். புடவையை இரண்டாக வெட்டினால் ஆளுக்கு இரண்டே முக்கால் மீட்டர். மேலே அரை மீட்டர் மடித்துத் தைத்தாலும் நீளம் எட்டும். ஒரே புடவையில் இரண்டு வாசலுக்கு ஸ்கிரீன் ஆயிற்று. முந்தானைப் பக்கம் கூடத்து வாசலுக்கு, உடல் பக்கம் சமையலறைக்கு. ஸ்பிரிங் கம்பி வாங்கி, நிலையின் மரத்தில் இரண்டு சிறு கொக்கி திருகினால் முடிந்தது. தையல் மெஷின் இல்லாதவர்கள் கையாலேயே ஓட்டுத்தையல் போடலாம். இடுப்பு மடிப்பில் கிழிந்த புடவையானால் நல்ல பாகத்தை மட்டும் எடுத்து ஜன்னலுக்கு வையுங்கள். பார்டரை வெட்டி எறிந்துவிடாதீர்கள். அதைத் தலையணை உறையின் ஓரத்தில் வைத்துத் தைத்தால் பழைய உறைக்குப் புது வாழ்வு வரும்.

வருகிறவர் உட்கார ஒரு பவானி ஜமக்காளம். ஊருக்குப் போகும்போது ஒன்று வாங்கி வைத்தால் பல வருஷம் உழைக்கும். மைசூர்க்காரர்கள் அதைத் தொட்டுப் பார்த்து எங்கே வாங்கியது என்று கேட்பதில் நமக்கும் ஒரு பெருமை.

ஊர் சுற்றும் ரவிக்கைத் துண்டு

கொலுவுக்குப் போனால் வெற்றிலை பாக்கோடு ஒரு ரவிக்கைத் துண்டு தருவது வழக்கம். அந்தத் துண்டுகளை யாராவது தைத்துப் போட்டுப் பார்த்ததுண்டா? இந்த வீட்டில் வாங்கியதை அந்த வீட்டில் கொடுத்து, அங்கிருந்து வேறு வீட்டுக்குப் போய், சில வருஷங்களில் மடிப்புக் கலையாமல் கொடுத்தவர் வீட்டுக்கே திரும்பி வந்துவிடும்! இப்படி எல்லோர் வீட்டிலும் பத்து, இருபது துண்டு தேங்கிக் கிடக்கிறது. நல்ல நல்ல நிறங்கள்.

எண்பது சென்டிமீட்டர் சதுரமான துண்டை இருபது சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டினால் பதினாறு கிடைக்கும். ஒவ்வொன்றையும் மூலைக்கு மூலை மடித்து நூல்கயிற்றில் போட்டு, மடிப்பை ஒட்டி ஒரு தையல் ஓட்டினால் முக்கோணக் கொடி. ஒவ்வொரு கொடியும் கயிற்றில் இருபத்தெட்டு சென்டிமீட்டர் பிடிக்கும். ஆகப் பதினாறு கொடிக்கு நாலரை மீட்டர் தோரணம். ஒரு துண்டில் கூடத்தின் ஒரு பக்கம் முழுவதும் வந்துவிடுகிறது. இரண்டு மூன்று நிறத்தை மாற்றி மாற்றிக் கோத்தால் கடையில் விற்கும் பிளாஸ்டிக் தோரணம் இதன் கிட்டே வராது. ஓரம் பிரியாமலிருக்க மைதாப் பசையை மெல்லியதாகத் தடவிக் காயவிட வேண்டும். அதிகம் தடவினால் கரப்பான் பூச்சிக்கு விருந்து. குழந்தைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் இரண்டு நாள் லீவு சத்தமில்லாமல் போகும்.

மிஞ்சும் துணுக்குகளும் வீணில்லை. மைசூரில் கல்யாணப் பெண்ணுக்குக் கொடுத்தனுப்பும் ராஜா ராணி ஜோடியைப் 'பட்டத கொம்பெ' என்கிறார்கள். செஞ்சந்தன மரத்தில் கடைந்தது; நம் மரப்பாச்சியின் உடன்பிறப்பு. வருஷா வருஷம் அதற்குப் புது உடை தைத்து உடுத்துவது இங்கே பெண்களின் குதூகலம். கையகலப் பட்டுத் துணுக்கும் கொஞ்சம் ஜரிகையும் இருந்தால் ராஜாவுக்குத் தலைப்பாகையே வந்துவிடும். மொழி தெரியாத பக்கத்து வீட்டுக்காரியோடு பழக இதைவிட நல்ல வழி கிடையாது. இரண்டு பேர் உட்கார்ந்து பொம்மைக்குப் புடவை கட்டினால் பாதிக் கன்னடம் வந்துவிடும்.

வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் தேவராஜ அர்ஸ் சாலையின் கண்ணாடிக் கடைகளுக்கு முதலில் போகாதீர்கள். கட் பீஸ் கடைகளில் மீட்டர் கணக்கில் வாங்குவது மலிவு. அக்டோபர் 2-ம் தேதி காந்தி ஜயந்தியை ஒட்டிக் கதருக்குத் தள்ளுபடி கிடைப்பது வழக்கம். சாயம் போகுமா என்பதை வாங்கும்போதே கைக்குட்டையை நனைத்து ஓரத்தில் தேய்த்துப் பார்த்துவிடுங்கள். அரக்குத் திரை மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டு, கீழே வெள்ளை வேட்டியில் இறங்கினால் ஒன்பது நாளும் அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மஞ்சளில் நனைத்து வீட்டிலேயே சாயம் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது: வெயிலில் அது வெளிறும், சோப்புப் பட்டால் சிவந்துவிடும்.

விளக்கும் துணியும்

இனிச் சொல்வதைத் தள்ளிவிட்டுப் போகக்கூடாது. துணியலங்காரம் செய்த வீட்டில் விளக்கும் இருக்கிறது. பருத்தி சட்டென்று பற்றி எரியும். பாலியெஸ்டர், நைலான் துணி உருகிச் சொட்டும். தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். ஆகவே திரைக்கும் தோரணத்துக்கும் செயற்கை இழை வேண்டாம் என்பதற்கு அழகு மட்டும் காரணமல்ல.

குத்துவிளக்கைப் படியின்மேல் ஏற்றாதீர்கள். தரையில் ஒரு தாம்பாளத்தில் வைத்து, படியிலிருந்தும் திரையிலிருந்தும் குறைந்தது ஒரு கை நீளம் தள்ளி வையுங்கள். மின்விசிறி ஓடினால் திரையின் நுனி எங்கே வந்து போகிறது என்று விளக்கேற்றும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். சீரியல் பல்பின் ஒயரைத் துணிக்கு அடியில் மறைக்கிற வழக்கம் ரொம்பத் தவறு. ஒட்டுப்போட்ட ஒயர் துணிக்குள் சூடேறினால் புகை வரும் வரை வெளியே தெரியாது. படுக்கப் போகுமுன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். ஆனால் மின்சாரத்தால் பற்றிய தீயென்றால் மெயினை அணைக்காமல் தண்ணீர் ஊற்றக்கூடாது. சாயங்காலம் பட்டுப் பாவாடையோடு வரும் சிறுமிகள் விளக்கைத் தாண்டித்தான் பொம்மையைப் பார்க்க வேண்டும் என்றிருந்தால் விளக்கின் இடத்தை மாற்றுங்கள்.

விஜயதசமி முடிந்து, ஜம்பு சவாரி பார்த்துக் கால் வலியோடு திரும்பிய மறுநாளே எல்லாவற்றையும் அவிழ்த்து மூட்டை கட்டுவது பலருக்கு வழக்கம். அப்படிச் செய்யாதீர்கள். அக்டோபரில் மைசூரில் சாயங்கால மழை சாதாரணம். துணி ஈரம் வாங்கியிருக்கும். வெயில் கண்ட நாளில் நிழலில் உலர்த்தி, எண்ணெய்ப் புகை போகத் தட்டி, பட்டை மட்டும் பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். அந்துருண்டை ஜரிகையைத் தொடக்கூடாது, கறுத்துவிடும். கஞ்சி போட்ட வேட்டியை நன்றாக அலசிக் கஞ்சியை எடுத்தபிறகே பெட்டியில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பூச்சி ஓட்டை போட்டுவிடும். அலசிக் காய்ந்ததும் அதுவே தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வருகிற வீட்டுக்காரருக்குக் கட்டிக்கொள்ளத் தயார்.