விற்றதையே விலைக்கு வாங்கலாமா?

விவசாயக் குடும்பங்களில் சிக்கனம் என்று பேச்சு எடுத்தால், காப்பித்தூளைக் குறைப்பது, விளக்கை அணைப்பது, திருவிழாச் செலவைச் சுருக்குவது என்றுதான் பேச்சு போகும். இவை எல்லாம் தேவையானவையே. ஆனால் இவற்றைவிடப் பெரிய செலவு ஒன்று பல வீடுகளில் ஓசையில்லாமல் நடந்து வருகிறது. தை, மாசியில் களத்திலேயே நெல் முழுவதையும் அளந்து கொடுத்துவிட்டு, ஆடி மாதம் அரிசி மூட்டைக்குக் கடைக்குப் போவது. நிலக்கடலையைக் காயாக விற்றுவிட்டு எண்ணெயைப் பாக்கெட்டில் வாங்குவது. உளுந்தை வியாபாரியிடம் போட்டுவிட்டு இட்லிக்கு உளுந்து வாங்குவது. தன் நிலத்தில் விளைந்த பொருளையே, இடையில் உள்ளவர்களின் லாபத்தையும் வண்டிச் சத்தத்தையும் சேர்த்துக் கொடுத்து விவசாயி திரும்ப வாங்குகிறார்.

இந்த ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டால், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மிச்சம் பிடிப்பதைவிட அதிகமான பணம் வீட்டில் தங்கும்.

இரண்டு பக்கக் கணக்கு

இதற்குச் செலவில்லாத முதல் வேலை, நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கணக்கு எழுதுவது. இடது பக்கத்தில் வீட்டிலிருந்து விற்ற பொருள்களையும், வலது பக்கத்தில் கடையில் வாங்கிய பொருள்களையும் அளவு, விலையுடன் குறித்து வர வேண்டும். ஓர் ஆண்டு முடிந்ததும் இரண்டு பக்கத்திலும் எழுதப்பட்டிருக்கும் பொருள்கள் எவை என்று பார்த்தால், பணம் ஒழுகும் இடம் தெரிந்துவிடும். கணக்கு எழுதும் பொறுப்பைப் பள்ளி செல்லும் பிள்ளைகளிடம் விடலாம்.

அரிசியை எடுத்துக்கொள்வோம். ஐந்து பேர் உள்ள குடும்பத்திற்கு நாளொன்றுக்கு ஒன்றரை கிலோ என்றால் ஆண்டுக்குச் சுமார் 550 கிலோ அரிசி தேவை. நூறு கிலோ நெல்லுக்கு 65 கிலோ அரிசி காணும் என்று வைத்தால், இதற்கு 850 கிலோ நெல் வேண்டும். நெல்லின் விலை கிலோ 24 ரூபாய், கடையில் அரிசி விலை 55 ரூபாய் என்று கொள்வோம். விலை ஊருக்கு ஊர், ரகத்திற்கு ரகம் மாறும். கணக்குப் போடும் முறையைக் காட்டவே இந்த எண்கள்.

அந்த 850 கிலோ நெல்லை விற்றால் கிடைப்பது 20,400 ரூபாய். புழுக்கி அரைக்கவும் ஏற்றி இறக்கவும் 3,000 ரூபாய் ஆகும் என்று சேர்த்தாலும் 23,400 ரூபாய்தான். அதே 550 கிலோ அரிசியைக் கடையில் வாங்கினால் 30,250 ரூபாய் கொடுக்க வேண்டும். வித்தியாசம் 6,850 ரூபாய். தவிடு மாட்டுக்கு ஆகும். ரேஷன் அரிசியைச் சமையலுக்குப் பயன்படுத்தும் குடும்பங்கள் அந்த அளவைக் கழித்துக்கொண்டு மீதிக்கு நெல்லை நிறுத்தினால் போதும்.

நெல்லைப் புழுக்கி அரைத்துத் தர ஆலைகள் உள்ளன. ஆண்டுத் தேவை முழுவதையும் ஒரே தடவையில் அரைத்துவிடக் கூடாது. உமி இருக்கும்வரை அது அரிசிக்குக் கவசம். இரண்டு மாதத் தேவைக்கு மட்டும் அரைத்துக்கொண்டு, மீதியை நெல்லாகவே வைத்திருப்பது நல்லது. புது நெல் அரிசி குழையும். சில மாதம் பழகிய நெல்லின் சோறு உதிரியாக இருக்கும் என்பது இல்லத்தரசிகள் அறிந்ததே.

பாழானால் லாபம் இல்லை

'வைத்திருந்தால் வண்டு அரிக்கிறது, எலி தின்கிறது; அதனால்தான் விற்றுவிடுகிறோம்' என்று பலர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மேலே சொன்ன 850 கிலோவில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 170 கிலோ நெல் பாழாகிவிட்டால், 110 கிலோ அரிசியைக் கடையில் வாங்க வேண்டி வரும். அதற்கு 6,050 ரூபாய். மிச்சம் பிடித்தது கிட்டத்தட்ட முழுவதும் போய்விடும். ஆகவே சிக்கனம் என்பது நெல்லை நிறுத்துவதில் மட்டும் இல்லை. நிறுத்திய நெல்லைக் காப்பதில்தான் இருக்கிறது.

முதல் எதிரி ஈரம். இயந்திரத்தால் அறுத்த நெல்லில் 20 சதவீதத்திற்கு மேலும் ஈரம் இருக்கக்கூடும். அதை அப்படியே மூட்டை கட்டினால் சூடு ஏறிப் பூசணம் பிடிக்கும். இருப்பு வைக்கும் நெல்லில் ஈரம் 13 சதவீதத்திற்கு மேல் இருக்கக் கூடாது. படுதாவில் மெல்லிய பரப்பாகப் பரப்பி, அடிக்கடி காலால் கிளறிவிட்டு, இரண்டு மூன்று நாள் காய வைக்க வேண்டும். நெல்லைப் பல்லால் கடித்தால் மளுக்கென்று ஒடிய வேண்டும். நசுங்கினால் இன்னும் காயவில்லை. காய்ந்த நெல்லைச் சூடு ஆறிய பிறகே மூட்டையிலோ குதிரிலோ கொட்ட வேண்டும்.

பழைய சாக்குகளின் தையல் மடிப்புகளில் வண்டும் முட்டையும் ஒளிந்திருக்கும். அவற்றை உதறி, கொதிக்கும் நீரில் முக்கி, நல்ல வெயிலில் உலர்த்திய பிறகே புது நெல்லை நிரப்பலாம். பழைய நெல்லுடன் புது நெல்லைக் கலக்கக் கூடாது. மூட்டைகளைத் தரையில் வைக்காமல் மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்கினால், தரையின் ஈரம் ஏறாது. எலி நடமாட்டமும் கண்ணில் படும். நொச்சி, வேப்பிலை போடுகிறவர்கள் அவற்றை நிழலில் நன்கு உலர்த்திப் போட வேண்டும். பச்சை இலை ஈரத்தைத்தான் சேர்க்கும்.

எலி நாளொன்றுக்குத் தன் உடல் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு தானியம் தின்னும். தின்பதைவிடப் புழுக்கையாலும் சிறுநீராலும் கெடுப்பது அதிகம். கதவின் அடியில் தகரம் அடிப்பதும், சுவர்ப் பொந்துகளைச் சிமெண்டால் பூசுவதும் ஒரு நாள் வேலை.

பதினைந்து நாளுக்கு ஒரு முறை மூட்டையின் நடுவில் கையை விட்டுப் பார்க்க வேண்டும். சூடு தெரிந்தாலோ, மாவு ஒட்டினாலோ உடனே வெயிலில் கொட்ட வேண்டும். இதற்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய குழாய்ப் பொறியும் உதவும். துளையிட்ட அந்தக் குழாயைத் தானியத்தில் செருகி வைத்தால், காற்றைத் தேடி நடமாடும் வண்டுகள் துளை வழியே நுழைந்து அடியில் உள்ள கூம்பில் விழும். திரும்ப ஏற முடியாது. மருந்து ஏதும் இல்லாமலே வண்டு வந்ததைத் தொடக்கத்திலேயே கண்டுகொள்ளலாம்.

பயறும் எண்ணெயும்

பயறு வண்டு வீட்டில் வந்து சேருவது மட்டுமல்ல. வயலிலேயே முற்றிய நெற்றின் மேல் முட்டையிட்டு, பயறுக்குள் இருந்தபடியே களத்துக்கும் வீட்டுக்கும் வந்துவிடுகிறது. சுமார் ஒரு மாதத்தில் ஒரு தலைமுறை முடிந்து, துளை போட்டு வெளியே வரும். ஆகவே அறுவடையானதும் நன்கு காய வைத்து, உணவுக்கான பயறுகளை விரைவில் பருப்பாக உடைத்து வைப்பது நலம். உடைத்த பருப்பை இந்த வண்டு அவ்வளவாக நாடாது. துவரையைச் செம்மண் கட்டிக் காய வைத்து உடைக்கும் பழைய வழக்கம் இன்றும் கைவிடத் தக்கதல்ல. முழுப் பயறாக வைக்க வேண்டியதில் கிலோவுக்கு 5 மில்லி அளவு சமையல் எண்ணெயைத் தடவிப் பிசறி வைத்தால், வண்டின் முட்டை பொரிப்பது குறையும். பயறுக்குத் தனி நிலம் இல்லாதவர்கள் நெல் வயலின் வரப்பில் உளுந்து ஊன்றலாம்.

நிலக்கடலை 100 கிலோ காயில் சுமார் 70 கிலோ பருப்பு காணும். செக்கில் ஆட்டினால் 28 கிலோ அளவுக்கு, அதாவது ஏறத்தாழ 30 லிட்டர் எண்ணெய் கிடைக்கும். மாதம் 3 லிட்டர் செலவாகும் வீட்டிற்கு 120 கிலோ காயை நிறுத்தினால் ஆண்டு முழுவதற்கும் போதும். புண்ணாக்கு கறவை மாட்டுக்கு வந்து சேரும். கடலையையும் காயாகவே வைத்து, இரண்டு மூன்று மாதத்திற்கு ஒரு முறை உடைத்து ஆட்ட வேண்டும். காயைக் குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஆட வேண்டும். பூசணம் பிடித்த பருப்பைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். 'ஆட்டினால் தெரியவா போகிறது' என்று அதைச் சேர்ப்பது ஆபத்து. பூசண நஞ்சு புண்ணாக்கின் வழியே மாட்டுக்குச் சென்று பாலிலும் வரும்.

தொழுவத்திலிருந்து அடுப்புக்கு

இரண்டு மூன்று மாடுகள் உள்ள வீட்டில் நாளொன்றுக்கு 25 கிலோ சாணம் கிடைக்கும். சாண எரிவாயுக் கலனில் இட்டால் அதிலிருந்து சுமார் ஒரு கன மீட்டர் வாயு உற்பத்தியாகும். இது ஏறத்தாழ 430 கிராம் சமையல் எரிவாயுவுக்குச் சமம். மாதத்திற்குக் கணக்கிட்டால் 13 கிலோ, அதாவது 14.2 கிலோ உருளை ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. வரட்டியாகத் தட்டி எரித்தால் எரு போய்விடுகிறது. கலனில் இட்டால் வாயுவை அடுப்புக்கு எடுத்துக்கொண்ட பிறகும் சாணக் கரைசல் வயலுக்கு எருவாகிறது. கலன் அமைக்கப் பணம் ஆகும் என்பதால், தினமும் சாணமும் தண்ணீரும் கரைத்து ஊற்ற வீட்டில் ஆள் உண்டா என்று பார்த்த பிறகே இறங்க வேண்டும்.

குளியல், துணி துவைக்கும் நீர் சாக்கடையாகத் தேங்கும் இடத்தில் இரண்டு வாழை வைக்கலாம். அரிசி கழுவிய நீரைக் கறிவேப்பிலைக்கு விடலாம். மாட்டுக்குக் காட்டினால் இன்னும் நல்லது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-இல் வெளியிட்ட பி.கே.எம்.1 செடி முருங்கை, நன்கு பராமரித்தால் மரத்திற்கு ஆண்டில் 220 காய் வரை தரும். வீட்டுக்கு இரண்டு மரம் தாராளம்.

எங்கே சிக்கனம் கூடாது

விதையிலும், மாட்டின் தடுப்பூசியிலும், பிள்ளைகளின் பாலிலும் மிச்சம் பிடிக்கக் கூடாது. கறந்த பால் முழுவதையும் சொசைட்டியில் ஊற்றிவிட்டுக் குழந்தைகளுக்கு வரக்காப்பி கொடுப்பதும் விற்றதை விலைக்கு வாங்குவது போன்றதே. அதற்கான விலையைப் பிறகு மருத்துவரிடம் கொடுக்க நேரிடும்.

அறுவடை நேரத்தில் கூலி, உரக்கடை பாக்கி, நகைக் கடன் எல்லாம் ஒன்றாக வந்து நிற்பதால்தான் களத்திலேயே விற்க நேர்கிறது. முழுத் தேவையையும் முதல் ஆண்டிலேயே நிறுத்த முடியாதவர்கள், நான்கு மாதத் தேவையை மட்டும் நிறுத்தித் தொடங்கலாம். விற்க வேண்டிய நெல்லுக்கு விலை குறைவாக இருந்தால், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் பெறும் வழியும் உண்டு.

மிச்சமான பணத்தின் முதல் வேலை கடனை அடைப்பது. நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி என்றால், 10,000 ரூபாய்க்கு ஆண்டு வட்டி 2,400 ரூபாய். அசலில் 6,000 ரூபாய் கட்டினால் அடுத்த ஆண்டு முதல் 1,440 ரூபாய் வட்டி குறையும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அடுத்த அறுவடையில் வியாபாரியின் தராசு களத்துக்கு வருவதற்கு முன்பே, வீட்டுக்கு எத்தனை மூட்டை என்பதைக் குடும்பத்தார் கூடி அளந்து ஒதுக்கிவிட வேண்டும்.