வீட்டுத் திரையும் காவற் கண்ணும்

பிழைப்பின் பொருட்டுச் சொந்த ஊரை விட்டு வந்து மும்பை, டெல்லி, கல்கத்தா முதலிய நகரங்களில் குடியிருக்கும் நம்மவர்களின் இல்லங்களில் அண்மைக் காலமாக ஒரு புதிய பழக்கம் பரவி வருகிறது. வாசலிலும் கூடத்திலும் சிறு காமிராக்களைப் பொருத்தி, அவை காட்டும் காட்சியை வீட்டிலுள்ள திரைகளிலெல்லாம் ஓடவிடுவதே அப்பழக்கம். கூடத்து டெலிவிஷனில் ஒரு மூலை, சமையலறையில் சுவரோடு சாய்த்து வைத்த பழைய கைப்பேசி, படுக்கையறையில் ஒரு சிறு திரை, வேலைக்குச் சென்றவரின் சட்டைப் பையில் மற்றொரு திரை. இவ்வாறு ஒரே வாசல் நான்கு இடங்களில் தெரிகிறது. கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் குடும்பங்களில் இதன் பயனை மறுப்பார் இலர். ஆயினும் எதைக் காட்டுவது, யாருக்குக் காட்டுவது என்று நம்மில் பலர் யோசிப்பதில்லை. நானும் யோசியாதிருந்தவனே. அதனால் என் இல்லத்தில் நேர்ந்ததையும், பின்னர் நான் தெரிந்துகொண்டதையும் அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு செவிலியின் யோசனை

இவ்வேற்பாட்டின் பிறப்பு நம் பலர்க்கும் தெரியாது. நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் மேரி வான் பிரிட்டன் பிரௌன் என்ற செவிலி வாழ்ந்து வந்தார். அவர் கணவர் ஆல்பர்ட் பிரௌன் மின்னணுத் தொழில் அறிந்தவர். இருவரும் வேளை கெட்ட வேளையில் வேலைக்குச் சென்று திரும்புபவர்கள். இரவில் தனித்திருக்கும்போது கதவைத் தட்டுபவர் யார் என்று தெரியாமல் அந்த அம்மையார் அஞ்சினார். அச்சத்துக்கு ஒரு பரிகாரம் தேட முனைந்து, கணவரோடு சேர்ந்து ஒரு கருவியை அமைத்து 1966 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1969 டிசம்பரில் உரிமை கிட்டியது.

கதவில் உயரத்துக்கு ஒன்றாகத் துவாரங்கள். அவற்றின் பின்னே மேலும் கீழும் நகரும் ஒரு காமிரா. படுக்கையறையில் ஒரு டெலிவிஷன் திரை. வெளியே நிற்பவரோடு பேச ஒலிவாங்கி. உள்ளிருந்தே தாழை நீக்க ஒரு பொத்தான். ஆபத்து நேர்ந்தால் உதவி கேட்க வேறொரு பொத்தான். இன்று கடையில் நாம் வாங்கும் கருவியில் உள்ள முக்கிய அங்கங்கள் யாவும் அதில் இருந்தன. அதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் கண் வெளியே பார்த்தது. திரையோ வீட்டில் தனியே இருந்த பெண்மணியின் கையருகே இருந்தது.

என் வீட்டில் நேர்ந்தது

என் தந்தையார் காலமான பிறகு, சென்ற ஆண்டு என் தாயாரைத் தென்காசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இங்கே மும்பைப் புறநகருக்கு அழைத்து வந்தேன். அவருக்கு வயது 71. காலை 9 மணிக்குள் நான் ரயில்வே அலுவலகத்துக்கும், என் மனைவி பள்ளிக்கூடத்துக்கும், மகன் வகுப்புக்கும் சென்றுவிடுவோம். மாலை வரை அம்மா தனியே இருப்பார். ஊரில் ஒருமுறை கால் இடறி விழுந்தவர் அவர். ஆதலின் வாசலில் ஒரு காமிராவும், கூடத்தில் ஒரு காமிராவும் பொருத்தினேன். இரண்டின் காட்சியும் கூடத்து டெலிவிஷனிலும், சமையலறையிலும், படுக்கையறையிலும், என் கைப்பேசியிலும் தெரியும்படி செய்தேன். அலுவலகத்தில் நண்பர்களிடம் காட்டிப் பெருமைப்பட்டதும் உண்டு.

இரண்டு வாரங்கள் சென்றன. நண்பகலில் நான் பார்க்கும்போதெல்லாம் கூடம் வெறுமையாக இருந்தது. உணவுக்குப் பின் கூடத்தில் பாய் விரித்துச் சற்றுக் கண்ணயர்வது அம்மாவின் நெடுநாள் வழக்கம். விசாரித்ததில், துணி துவைக்கும் இயந்திரம் வைத்திருக்கும் பின்கட்டு இடுக்கில் ஒரு பலகையைப் போட்டு அதில் அவர் உட்கார்ந்துகொள்கிறார் என்று தெரிந்தது. வீட்டிலேயே எப்போதும் ஈரமாக இருக்கும் தரை அதுதான். வழுக்கி விழுவாரோ என்று அஞ்சித்தான் காமிராவை வைத்தேன். அந்தக் காமிராவே அவரை வழுக்கும் இடத்துக்கு விரட்டிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மெல்லக் கேட்டேன். அவர் சொன்னார்: “ஏய்யா, நான் காலை நீட்டிப் படுத்தாலும் உன் ஆபீசுல தெரியுமா? உன்னைக் குத்தம் சொல்லலைய்யா. ஒருத்தர் பார்த்துக்கிட்டே இருந்தா கொட்டாவி விடக்கூட யோசனையா இருக்கு.”

இன்னொன்றும் சொன்னார். பக்கத்து வீட்டு மராத்தி அம்மாள் ஒருவர் பிற்பகலில் வந்து உட்கார்ந்து போவது வழக்கமாம். பாஷை தெரியாவிட்டாலும் இருவருக்கும் கீரை ஆய்வதில் பொழுது போகுமாம். டெலிவிஷனில் தம் உருவமே தெரிவதைக் கண்ட நாள் முதல் அந்த அம்மாள் வருவதில்லையாம். ஊர் விட்டு வந்த என் தாயாருக்கு இங்கே கிடைத்த ஒரே துணையை நான் அறியாமலே விரட்டியிருக்கிறேன்.

அன்று மாலையே கூடத்துக் காமிராவைக் கழற்றினேன். டெலிவிஷன் மூலையில் தெரிந்த காட்சியையும் நிறுத்தினேன். அம்மாவின் நாற்காலி அருகில் ஒரு சிறு திரையை மாட்டி, அதில் வாசல் மட்டும் தெரியும்படி அமைத்தேன். விழுவது பற்றிய கவலைக்கு வேறு வழி தேடினேன். குளியலறைச் சுவரில் கைப்பிடியும், ஈரத் தரையில் வழுக்காத விரிப்பும் போட்டேன். நாள்தோறும் பிற்பகல் 1 மணிக்குத் தொலைபேசியில் அழைத்துப் பேசுகிறேன். முன்பு நான் திரையில் பார்த்தபோது ஒரு சொல்லும் பேசியதில்லை.

இப்போது மணி அடித்தால் அம்மா திரையைப் பார்க்கிறார். பொட்டலம் கொண்டுவரும் பையன் என்றால் பொத்தானை அழுத்தி “ருக்கோ” என்று அதிகாரத்தோடு சொல்லிவிட்டு மருமகளை அழைக்கிறார். அவள் தன் கைப்பேசி வழியே வாசலில் நிற்பவனோடு இந்தியில் பேசிவிடுகிறாள். கீரைக் கட்டோடு அந்த மராத்தி அம்மாள் நின்றால் கதவு தானாகத் திறக்கிறது.

அமைக்கும் முறை

நிற்க. இதை அமைக்க விரும்புவோர் சில விவரங்களைத் தெரிந்துகொள்வது நலம்.

காமிராவின் காட்சி இரு வழிகளில் திரைக்கு வரலாம். ஒன்று, வீட்டு ரௌட்டர் அல்லது பதிவுப் பெட்டி வழியாக நேரே வருவது. மற்றது, கம்பெனியின் தொலைதூரக் கணினிக்குச் சென்று திரும்பி வருவது. இரண்டாவது வழியில் காட்சி சில விநாடிகள் தாமதமாக வரக்கூடும். இன்டர்நெட் நின்றால் திரையும் இருண்டுவிடும். வீட்டுத் திரைகளுக்கு முதல் வழியே சிறந்தது. பதிவுப் பெட்டியிலிருந்து ஓர் எச்.டி.எம்.ஐ. கம்பி போதும், டெலிவிஷனில் படம் தெரியும். வெவ்வேறு கம்பெனிகளின் காமிராவும் பெட்டியும் ஒத்துழைக்க வேண்டுமாயின், வாங்கும்போதே ‘ஆன்விஃப்’ முறை உண்டா என்று கேட்டறிக. பல காமிராக்கள் பெரிய படம், சிறிய படம் என இரண்டு ஓட்டங்களைத் தருகின்றன. சிறு திரைக்குச் சிறிய ஓட்டமே போதும்; படம் தடைப்படாமல் ஓடும்.

பதிவுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதைக் கணக்கிட்டுவிடலாம். விநாடிக்கு 2 மெகாபிட் வீதம் ஓடும் காமிரா ஒரு நாளில் சுமார் 21.6 ஜிகாபைட் இடம் கொள்ளும். 1 டெராபைட் தட்டில் ஒரு காமிராவுக்கு 46 நாட்களும், நான்கு காமிராக்களுக்குச் சுமார் 11 நாட்களும் பதிவு நிற்கும். மின்வெட்டு உள்ள ஊர்களில் காமிரா, ரௌட்டர், பெட்டி ஆகிய மூன்றையும் இன்வெர்ட்டரில் இணைக்க வேண்டும். பழைய கைப்பேசியைத் திரையாக்கினால் இரவும் பகலும் மின்னூட்டத்திலேயே விடலாகாது, பாட்டரி வீங்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது கடவுச்சொல். கம்பெனி கொடுத்த சொல்லை மாற்றாமல் விட்ட காமிராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் ‘மிராய்’ என்ற நச்சு நிரல் 2016 இல் உலகெங்கும் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபரில் அதன் தாக்குதலால் பல பெரிய இணையத் தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. அந்நியன் நுழையாதிருக்க வைத்த கண், அந்நியனின் கண்ணாகிவிடலாகாது.

சட்டமும் மரியாதையும்

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அடங்கிய அமர்வு 2017 ஆகஸ்டு 24 அன்று தீர்ப்பளித்தது. ஒரே வீட்டில் கூடி வாழ்பவரின் சம்மதமின்றி வசிக்கும் பகுதியில் காமிரா இயக்குவது அவரது அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025 இல் கூறியது. அடுக்கு வீடுகளில் நம் காமிரா எதிர்வீட்டுக் கதவுக்குள் எட்டிப் பார்க்கலாகாது. கோணத்தைத் திருப்பி நம் வாசலோடு நிறுத்திக்கொள்வதே அயலாருக்குச் செய்யும் மரியாதை.

ஊரில் தனித்திருக்கும் பெற்றோரின் வீட்டில் காமிரா வைத்து இங்கிருந்து பார்க்கும் அன்பர்களும் உளர். அவர்களைக் கேட்டு, அவர்கள் சம்மதித்த இடத்தில் வையுங்கள். அணைக்கும் விசையையும் அவர்கள் கையிலேயே கொடுங்கள். ஆபத்து திரையில் தெரிந்தால் இங்கிருந்து நாம் ஓடிச் சென்று சேர முடியாது. பக்கத்து வீட்டில் ஒரு சாவியும், அவர்கள் தொலைபேசி எண் நம்மிடமும் இருந்தால்தான் அந்தக் காட்சிக்குப் பயன் உண்டு.

ஸ்டேஷன் மாஸ்டரின் அறையில் ஒரு பலகை உண்டு. எந்தப் பாதையில் வண்டி நிற்கிறதோ அங்கே சிவப்பு விளக்கு எரியும். வண்டிக்குள் யார் உறங்குகிறார், யார் உண்கிறார் என்று அது காட்டாது. அவர் கடமைக்கு அவ்வளவு தெரிந்தால் போதும். வீட்டுத் திரைக்கும் அந்த அளவு போதும் என்பது என் அனுபவம். வாசலில் நிற்பவர் யார் என்று வீட்டிலிருப்பவருக்குத் தெரியட்டும். வீட்டிலிருப்பவர் எப்படி இருக்கிறார் என்பதை நாம் கேட்டுத் தெரிந்துகொள்வோம்.