51 ஆண்டு மசியாத கடிதம்
கொலைகாரனின் சங்கேதத்தை உடைக்க கம்ப்யூட்டரின் வேகம் மட்டும் போதவில்லை

1969 நவம்பர் 8. கலிபோர்னியாவை நடுங்க வைத்துக்கொண்டிருந்த ஒரு கொலைகாரன், 'சான்பிரான்சிஸ்கோ கிரானிக்கிள்' நாளிதழுக்கு ஒரு கடிதத்தைத் தபாலில் சேர்த்தான். தனக்குத்தானே அவன் சூட்டிக்கொண்ட பெயர் 'ஸோடியாக்'. உறையில் இருந்த தாளில் 20 வரிசைகள், வரிசைக்கு 17 குறிகள். மொத்தம் 340. எழுத்து, தலைகீழ் எழுத்து, வட்டம், முக்கோணம் என்று 63 வகைக் குறிகள்.

அதே ஆண்டு அவன் அனுப்பிய முந்தைய சங்கேதத்தை ஒரு பள்ளி ஆசிரியரும் அவர் மனைவியும் சில நாட்களிலேயே படித்துவிட்டார்கள். இது யாருக்கும் மசியவில்லை. ஐந்து பேரைக் கொன்றவன் என்று போலீஸ் உறுதியாகச் சொல்லும் ஒருவனின் பெயர் இதில் இருக்கலாம் என்ற நப்பாசை மட்டும் ஆண்டுக்காண்டு நீடித்தது.

எல்லாச் சாவிகளையும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் என்ன? ஓர் எழுத்துக்கு ஒரே குறி என்ற மிக எளிய முறைக்கே, ஆங்கிலத்தின் 26 எழுத்துகளை இடம் மாற்றி அமைக்கும் வழிகள் 4-க்குப் பின்னால் 26 சைபர் போட்டால் வரும் அளவு. வினாடிக்கு நூறு கோடி சாவிகளைச் சோதித்தாலும் சுமார் 1280 கோடி ஆண்டுகள் ஆகும். வேலையை 16 'த்ரெட்'களுக்கு, அதாவது ஒரே நேரத்தில் ஓடும் 16 இழைகளுக்குப் பிரித்துக் கொடுங்கள். 80 கோடி ஆண்டுகள்! அதுவும் இழைகள் ஒன்றுக்கொன்று காத்திருக்காமல் ஓடினால்தான். பத்து கவுண்டர்களைத் திறந்துவிட்டு ரப்பர் ஸ்டாம்ப்பை ஒன்றே ஒன்று வைத்திருக்கும் அலுவலகத்தில் க்யூ நகராது. இழைகள் எல்லாம் ஒரே நினைவிடத்தில் முடிவை எழுதப் போட்டியிட்டாலும் இதே கதிதான்.

எனவே உண்மையான வேகம் வேறிடத்திலிருந்து வர வேண்டும். பெல்ஜியத்தில் கிடங்கு ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே ஜார்ல் வான் ஐக் எழுதிய 'ஏ.இஸட். டிக்ரிப்ட்' என்ற புரோகிராம் எல்லாச் சாவிகளையும் தேடுவதில்லை. மனம்போன ஒரு சாவியில் ஆரம்பிக்கும். ஒரு குறியின் பொருளை மட்டும் மாற்றும். வரும் எழுத்துத் தொடர்கள் முன்னைவிட ஆங்கிலம்போல் இருந்தால் அந்த மாற்றத்தை வைத்துக்கொள்ளும். இருட்டில் காலால் துழாவி மலையேறுவது மாதிரி.

அதற்கும் இது பிடிபடவில்லை. குறிகளை இடமிருந்து வலமாகப் படித்ததுதான் தவறோ என்ற சந்தேகம் அமெரிக்காவின் வர்ஜீனியாவைச் சேர்ந்த புரோகிராமர் டேவிட் ஒரான்சாக்குக்கு இருந்தது. ஆஸ்திரேலியக் கணிதவியலாளர் சாம் பிளேக், தாளைப் பகுதிகளாக வெட்டியும் குறுக்காகப் படித்தும் சுமார் 6,50,000 வரிசைமுறைகளை உருவாக்கிக் கொடுத்தார். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டரும் கைகொடுத்தது. ஒவ்வொரு வரிசைமுறையும் தனி வேலை. ஒன்றுக்காக இன்னொன்று காத்திருக்க வேண்டியதில்லை. பல இழைகளுக்குப் பங்கு போட இதைவிட வசதியான வேலை கிடையாது.

2020 டிசம்பரில், குப்பையாக வந்து விழுந்த விடைகளுக்கிடையே ஒன்று ஒரான்சாக்கின் கண்ணில் பட்டது. என்னைப் பிடிக்க முயல்வது பற்றி இரண்டு மூன்று சொற்கள், விஷவாயு அறை பற்றி ஒரு துண்டு. சிதைந்த பிரதியோடு மல்லுக்கட்டும் மொழிபெயர்ப்பாளருக்குப் பழக்கப்பட்ட கணம் இது: ஒரு சொல் பிடிபட்டால் பக்கத்துச் சொல் தானே வரும். அந்தத் துண்டுகளை நிலையாக வைத்து மீண்டும் ஓட்டியபோது, டி.வி. நிகழ்ச்சியில் பேசியது தான் அல்ல என்ற மறுப்பு வெளிப்பட்டது. கடிதம் தபாலில் சேர்வதற்கு இரண்டரை வாரம் முன், 1969 அக்டோபர் 22 அன்று, ஸோடியாக் என்று சொல்லிக்கொண்ட ஒருவன் டி.வி. நிகழ்ச்சிக்குப் போன் செய்து விஷவாயு அறைக்குப் பயப்படுவதாகப் பேசியிருந்தான். சந்தேகம் தீர்ந்தது.

தாளை 9, 9, 2 வரிசைகளாக வெட்டி, முதல் இரண்டு பகுதிகளைச் சதுரங்கக் குதிரையின் போக்கில், ஒரு கட்டம் கீழே, இரண்டு கட்டம் வலப்பக்கம் என்று படிக்க வேண்டியிருந்தது. போதாக்குறைக்குக் கொலைகாரன் இரண்டாம் பகுதியில் தானே தவறு செய்திருந்தான். அதையும் கையால் சரிசெய்தார்கள்.

எஃப்.பி.ஐ. விடையை உறுதி செய்து டிசம்பர் 11 அன்று அறிவித்தது. கடிதத்தில் கேலி இருந்தது, சாவுக்கு அஞ்சவில்லை என்ற பீற்றல் இருந்தது. பெயர் இல்லை. விசாரணை தொடர்கிறது என்றது எஃப்.பி.ஐ.