மண்ணீரலில் அடிபட்டால்

சைக்கிளிலிருந்து விழும் சிறுவனின் வயிற்றில் கைப்பிடி குத்திவிடுகின்றது. மேலே தெரிவது சிறு கன்றல்தான். ஆயினும் இடத் தோள் வலிக்கின்றது என்கிறான், முகம் வெளுக்கின்றது, நாடி விரைகின்றது. தோளில் அடிபடவில்லையே என்று நாம் வாளாவிருத்தல் ஆகாது. இடப்புற விலா எலும்புகளின் உட்புறத்தே இருக்கும் மண்ணீரல் கிழிந்து, கசியும் இரத்தம் உதரவிதானத்தை உறுத்தினால், அந்த வலி தோளிலேதான் தோன்றும்.

மலேரியாவால் வீங்கிய மண்ணீரலுக்குச் சிறு அடியே போதும். ஆக்ராவில் ஃபுல்லர் என்ற ஆங்கில வக்கீல் அடித்ததால் அவருடைய குதிரைக்காரர் மண்ணீரல் வெடித்து மாண்டார். வக்கீலுக்குக் கிடைத்தது 30 ரூபாய் அபராதம்! இத்தீர்ப்பை வைசிராய் லிட்டனே 1876-ல் கண்டித்தார்.

மண்ணீரல் கிழிந்தால் அதை அகற்றுவதே முன்னாளைய வழக்கம். அஃதின்றியும் வாழலாம் என்பது உண்மையே. ஆனால் மண்ணீரலை இழந்த குழந்தைகளைக் கொடிய தொற்று தாக்குவதை 1952-ல் கிங், ஷூமாக்கர் என்னும் அமெரிக்க மருத்துவர்கள் எடுத்துரைத்தனர். பிறகு 1968-ல், டொரன்டோ குழந்தைகள் மருத்துவமனை அனுபவத்தைக் கொண்டு, கத்தி படாமலே பல குழந்தைகள் தேறுவதை நம் நாட்டு நிபுணர் உபாத்யாயவும் சிம்ப்ஸனும் காட்டினர். அவர்களுடைய துணிவு பெரிதென்றே நாம் கருதுகின்றோம்.

இன்று ரண சிகிச்சை வேண்டுமா என்பதை முதன்மையாக நோயாளியின் நிலையே தீர்மானிக்கின்றது. நாடியும் இரத்த அழுத்தமும் நிலைத்திருந்தால், சி.டி. ஸ்கேன் எடுத்துக் காயத்தின் அளவை அறிந்து, படுக்கையில் வைத்துக் கண்காணிப்பர். மெல்லிய குழாயை இரத்தக் குழாய் வழியே செலுத்திக் கசியும் கிளையை அடைப்பதும் உண்டு. இரத்தம் ஏற்றியும் அழுத்தம் வீழ்ந்துகொண்டே போனால் தாமதமின்றி வயிற்றைத் திறக்க வேண்டும். அப்போதும் இயன்றால் தைத்துக் காப்பர், இயலாவிடில் அகற்றுவர். சிலருக்குப் பல நாள் கழித்தும் இரத்தம் பெருகுவதுண்டு. ஆதலின், வலி குறைந்ததும் வீட்டுக்குப் போகிறேன் என்று பிடிவாதம் பிடிக்கலாகாது.

மண்ணீரல் அகற்றப்பட்டவர்கள் நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் கிருமிகளுக்கு எதிரான தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ள வேண்டும். காய்ச்சல் கண்டால் விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே மருத்துவமனை செல்ல வேண்டும். மலேரியா மிகுந்த ஒடிசா, சத்தீஸ்கர் போன்ற இடங்களில் வேலை பார்க்கும் நம்மவர்க்கு இது இன்னும் முக்கியம். ஊரில் சிகிச்சை பெற்றவர், மண்ணீரல் இல்லை என்பதை அங்குள்ள மருத்துவர் படிக்கக்கூடிய மொழியில் எழுதி வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருப்பது நலம்.