உங்கள் டெரஸ் வீட்டுக்கு எந்த மூங்கில்? கிள்ளான் பள்ளத்தாக்கில் கன்று வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

வேலியோரம் ஒரு வரிசை மூங்கில் வைத்தால் பக்கத்து வீட்டு ஜன்னல் மறையும், மாலை வெயில் தணியும், பார்க்கவும் அழகாக இருக்கும். இந்த ஆசையோடு வார இறுதியில் நர்சரிக்குக் கிளம்புகிறவர்கள் பலர். அங்கே போனதும் எல்லாக் கன்றும் ஒரே மாதிரிதான் தெரியும்: கறுப்புப் பையில் மண், அதில் விரல் தடிமனில் நாலைந்து தண்டு, கொஞ்சம் இலை.

ஆனால் அந்தப் பைகளில் ஒன்று பத்து அடியோடு நின்றுவிடும். இன்னொன்று ஆறு மாடி உயரத்துக்குப் போகும்.

இங்குள்ள மழைக்கும் வெயிலுக்கும் மூங்கிலை வளர்ப்பது பெரிய வேலையே இல்லை, அகற்றுவதுதான் வேலை. வளர்ந்த புதரின் அடிக்கிழங்கைத் தோண்டி எடுக்க இயந்திரம் வேண்டும். 20 அடி அகல டெரஸ் வீட்டின் பின்கட்டுக்குள் எந்த இயந்திரம் போகும்? ஆள் வைத்து வெட்டினாலும், வெட்டியதையெல்லாம் வரவேற்பறை வழியாகத்தான் வெளியே கொண்டுவர வேண்டியிருக்கும். ஆகவே எந்த வகை என்பதை வாங்கும்போதே தெரிந்துகொள்வது நல்லது.

ஓடுவதா, கூடி நிற்பதா?

மூங்கில் மரமல்ல, புல் குடும்பம். மண்ணுக்கு அடியில் அதன் தண்டு எப்படிப் போகிறது என்பதை வைத்து அதை இரண்டாகப் பிரிக்கலாம்.

முதலாவது கொத்து மூங்கில். அடித்தண்டு குட்டையாக வளைந்து, தாய்ச் செடியை ஒட்டியே புதுக் குருத்து விடும். புதர் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக அகலமாகும், திடீரென்று வேறு இடத்தில் முளைக்காது. மலேசியாவில் இயற்கையாக வளரும் 50-க்கும் மேற்பட்ட இனங்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவை.

இரண்டாவது ஓடும் மூங்கில். இதன் அடித்தண்டு கிடைமட்டமாக மண்ணுக்குள் ஓடி, பல அடி தள்ளி தலையை நீட்டும். வேலி, எல்லைக்கல் எதையும் பார்க்காது. சீனா, ஜப்பானைச் சேர்ந்த ஃபைலோஸ்டாக்கிஸ் இனங்கள் இந்த வகை. வெளிநாட்டுச் செய்திகளில் மூங்கிலால் அண்டை வீட்டாருக்குள் சண்டை என்று படித்திருந்தால், அதில் வில்லன் பெரும்பாலும் இதுதான்.

(சீனப் புத்தாண்டு சமயத்தில் தண்ணீர்க் குவளையில் விற்கும் 'லக்கி பேம்பூ' இந்த இரண்டிலும் சேராது. அது மூங்கிலே இல்லை, டிரசீனா என்ற ஆப்பிரிக்கச் செடி.)

இணையத்தில் படிக்கும் ஆலோசனை ஏன் நமக்குப் பொருந்துவதில்லை?

ஆங்கிலத்தில் தேடினால் முதலில் வருவது 'எத்தனை டிகிரி குளிரைத் தாங்கும்' என்ற அட்டவணைதான். லண்டனிலோ டொரோண்டோவிலோ இருக்கும் உறவினருக்கு அது உயிர்க் கேள்வி. அங்கே பலர் வைப்பது ஃபார்ஜீசியா. அதில் சில வகைகள் மைனஸ் 20 டிகிரியையும் தாங்கும், கொத்தாகவும் நிற்கும். ஆனால் அது மலைக்குளிரில் பிறந்த செடி. கிள்ளான் வெயிலில் வைத்தால் வாடிப்போகும்.

கோலாலம்பூரில் இரவிலும் வெப்பம் 23, 24 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். குளிர் தாங்குமா என்று நாம் கேட்க வேண்டியதில்லை. குளிர் இல்லாமல் நன்றாக வளருமா என்பதே நம் கேள்வி. ஆன்லைன் கடைகளில் விதைப் பொட்டலமாக விற்கப்படும் மோசோ மூங்கிலுக்குக் குளிர்காலமும் வசந்தமும் மாறி மாறி வர வேண்டும். நமக்கு இரண்டுமே கிடையாது.

கறுப்பு மூங்கிலில் இன்னொரு குழப்பம் உண்டு. அந்தப் பெயரில் இரண்டு வெவ்வேறு செடிகள் விற்கப்படுகின்றன. ஃபைலோஸ்டாக்கிஸ் நைக்ரா குளிர்நாட்டுக்காரன், ஓடும் வகை. ஜாவா கறுப்பு மூங்கிலான கிகாண்டோக்ளோவா அட்ரோவயலேசியா நம் வெப்பத்துக்கு உரியது, கொத்து வகை. நிறம்தான் ஒன்று, குணம் வேறு. கறுப்பு வேண்டுமென்றால் ஜாவா வகையைக் கேளுங்கள். அதுவும் உயரமாக வளரும் என்பதால் பெரிய நிலம் தேவை.

தமிழில் தேடினால் தமிழ்நாட்டு வீடியோக்கள் வரும். அவை கல் மூங்கிலையும் பீமா மூங்கிலையும் புகழும். கல் மூங்கில் வறண்ட நிலத்துக்குப் பெயர் பெற்றது. கோயம்புத்தூரில் ஆண்டு மழை 700 மில்லிமீட்டரை ஒட்டித்தான், கோலாலம்பூரில் 2,400-ஐத் தாண்டும். வறட்சியில் கெட்டியாக வளரும் அந்தக் கழி, ஈரமான இடத்தில் உள்ளே பொந்தாகிவிடும். பீமா, ஓசூரில் திசு வளர்ப்பு முறையில் பெருக்கப்பட்ட ரகம், ஏக்கர் கணக்கில் எரிபொருளுக்காகப் பயிரிடுவது. வீட்டு வாசலுக்கு உரியது அல்ல.

இடத்துக்கு ஏற்ற மூங்கில்

டெரஸ் வீட்டு வேலிக்கு முதலில் பார்க்க வேண்டியது பூலோ சீனா. சிலர் பூலோ பாகார் என்பார்கள், வேலி மூங்கில் என்று பொருள். தாவரப் பெயர் பம்பூசா மல்டிப்ளெக்ஸ். கழி விரல் தடிமன்தான். விட்டுவிட்டால் 10 முதல் 20 அடி போகும், கத்தரித்தால் சொன்ன உயரத்தில் நிற்கும். 3 அடிக்கு ஒன்று என்று நட்டால் ஓரிரு ஆண்டில் சுவர் மாதிரி அடைத்துக்கொள்ளும்.

இன்னும் உயரமான மறைப்பு வேண்டும், நிலமும் கொஞ்சம் இருக்கிறது என்றால் சயாம் மூங்கில். தாய்லாந்துக் கோயில் வளாகங்களில் நடப்படுவது. 25, 30 அடி நேராகப் போகும், ஆனால் அடியில் நெருக்கமாகவே கூடி நிற்கும். பங்களா, கார்னர் லாட் வீடுகளுக்கு என் முதல் தேர்வு இதுதான்.

மஞ்சள் தண்டில் பச்சைக் கோடு போட்ட பூலோ காடிங் பார்த்தவுடன் பிடித்துப்போகும். அங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அது பம்பூசா வல்காரிஸ் இனம், 30 முதல் 60 அடி வளரக்கூடியது. கழி கை தடிமன் வரும், புதர் விரிந்து சாயும். பூங்காவில் அழகு. 20 அடி லாட்டில், மின்கம்பிக்குக் கீழே, லோங்காங் ஓரத்தில் வைத்தால் தலைவலி.

பூலோ பெத்தோங் அதைவிடப் பெரிது. 60 முதல் 100 அடி! ரெபோங் எனப்படும் குருத்துக்காகப் பலர் விரும்புவார்கள். (பச்சைக் குருத்தில் சயனைடு தரும் நச்சு இருக்கிறது, நன்றாக வேகவைத்த பிறகே சாப்பிட வேண்டும்.) ஹரிராயாவுக்கு லெமாங் சுடப் பயன்படும் மெல்லிய மூங்கிலும் 30 அடிக்கு மேல் போவதுதான். இவை இரண்டும் கம்பத்து நிலத்துக்கும் தோட்டத்துக்கும் சரி.

கொண்டோ பால்கனியில் இருப்பவர்களுக்கு? பூலோ சீனாவின் குட்டை ரகங்கள் தொட்டியில் வரும். கணுவுக்குக் கணு தொப்பை போட்ட 'புத்தர் வயிறு' மூங்கிலும் வைக்கலாம். சொல்லப்போனால் அதற்குத் தொட்டிதான் சரி. நெருக்கடியிலும் குறைந்த நீரிலும்தான் தொப்பை விழும். நம் மழையில் தரையில் நட்டால் தொப்பை மறைந்து சாதாரண மூங்கிலாக உயர்ந்துவிடும்.

கன்றைப் பார்த்து ஏமாற வேண்டாம்

மூங்கில் கழி மரம்போல் ஆண்டுதோறும் பருப்பதில்லை. எந்தத் தடிமனில் மண்ணைவிட்டு வருகிறதோ, கடைசிவரை அதே தடிமன். சில மாதங்களில் முழு உயரத்தை எட்டி நின்றுவிடும். ஆனால் அடுத்த மழைக்கு வரும் புதுக் குருத்து முந்தையதைவிடப் பருமனாக இருக்கும், அதற்கடுத்தது இன்னும் பருமன். முதல் ஆண்டு "சாதுவாக இருக்கிறதே" என்று தோன்றும் பெத்தோங், ஐந்தாறு ஆண்டில் தொடை தடிமனில் குருத்து விடுவது இதனால்தான்.

பிரிக்பீல்ட்ஸ் நிழல், கிள்ளான் களிமண்

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் பழைய வீடுகளைச் சுற்றி உயரமான கட்டடங்கள் எழுந்துவிட்டன. ஒரு நாளில் உங்கள் வேலியோரம் எத்தனை மணி நேரம் நேரடி வெயில் விழுகிறது என்று பாருங்கள். அரை நாள்கூட இல்லையென்றால் மூங்கில் சோனியாக, இடைவெளி விட்டு வளரும். மறைப்புக்காக வைத்தது மறைக்காது.

கிள்ளானில் பிரச்சினை வேறு. கடலோரச் சமவெளியின் களிமண், பெருமழையில் தண்ணீர் வடியத் தாமதமாகும். மூங்கிலுக்குத் தண்ணீர் பிடிக்கும், ஆனால் நாள் கணக்கில் வேர் மூழ்கிக் கிடந்தால் அழுகும். ஓர் அடி உயரத்துக்கு மேடு கட்டி, மணலும் மக்கிய உரமும் கலந்து நடுங்கள். சுவரிலிருந்தும் லோங்காங்கிலிருந்தும் குறைந்தது 3 அடி தள்ளி இருக்கட்டும். உதிரும் இலை சாக்கடையை அடைத்தால் அடுத்த மழையில் தண்ணீர் உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

வெட்டும்போது கணுவுக்கு மேலே வெட்டுங்கள்

டிங்கிச் சம்பவங்கள் நாட்டிலேயே அதிகம் பதிவாகும் மாநிலமாகப் பல ஆண்டுகளாக இருப்பது சிலாங்கூர். வெட்டிய மூங்கில் அடிக்கட்டையில் மழைநீர் தேங்கினால், ஏடிஸ் கொசு முட்டையிட அதுவே போதும். கணுவுக்குச் சற்று மேலே ஒட்ட வெட்டினால் கிண்ணம் உருவாகாது. ஏற்கெனவே இருக்கும் கிண்ணத்தை மண் போட்டு நிரப்பிவிடுங்கள். கொசுப் புழு இருக்கும் வீட்டுக்கு, நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டம் 1975-இன் கீழ் அபராதம் விதிக்கலாம்.

குருத்தின் மேல் இருக்கும் மியாங் எனப்படும் பழுப்பு முடி தோலில் பட்டால் நாள் முழுக்க அரிக்கும். கையுறையும் நீளக் கைச் சட்டையும் இல்லாமல் இறங்க வேண்டாம். சின்னப் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் பெரிய இனங்களைத் தவிர்க்க இது இன்னொரு காரணம்.

வாங்கும் முன் எங்கே பார்க்கலாம்?

கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தில் மூங்கில்களுக்கென்றே ஒரு தோட்டம் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸுக்கு அருகிலுள்ள பெர்டானா தாவரவியல் பூங்காவில், கட்டடக் கலைஞர் எலீனா ஜமீல் வடிவமைத்து 2015-இல் எழுந்த மூங்கில் மண்டபத்தையும் பார்க்கலாம்.

கன்று வாங்க சுங்கை பூலோ போதும். ஊர்ப் பெயரே 'மூங்கில் ஆறு'தான். 1930-இல் திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பில் வாழ்ந்தவர்கள் பிழைப்புக்காகத் தொடங்கிய செடி வியாபாரம், இன்று வரிசையாக நர்சரிகளாக நிற்கிறது. அங்கே போனால் மலாய்ப் பெயரோடு தாவரப் பெயரையும் கேளுங்கள், "முழுசா வளர்ந்தது ஒண்ணு காட்டுங்க" என்றும் சொல்லுங்கள். விற்பவருக்குப் பெயர் தெரியவில்லை, காட்டவும் எதுவும் இல்லை என்றால் அந்தப் பையைக் கீழே வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம்.