இளமைக்காலக் காயமும் எதிர்மறை எண்ணமும்: செட்டிநாட்டுச் சுவீகார வழக்கத்தை முன்வைத்து

முன்னுரை

குழந்தைப் பருவத்தில் நேரும் பிரிவு, இழப்பு, புறக்கணிப்பு ஆகியவை பிற்கால மனநலத்தைப் பாதிக்க வல்லவை. 1998-இல் அமெரிக்காவில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா முதலியோர் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய துன்பங்களின் வகைகள் கூடக்கூட மனச்சோர்வு, குடிநோய், தற்கொலை முயற்சி ஆகியவற்றின் வாய்ப்பும் கூடுவதைக் காட்டியது. எனினும் ஒரே துன்பத்திற்கு ஆளானோர் அனைவரும் நோயுறுவதில்லை. இவ்வேறுபாட்டிற்கான காரணங்களுள் ஒன்று, குழந்தை அந்நிகழ்வுக்குக் கற்பிக்கும் பொருளாகும்.

எண்ணத்தின் வார்ப்பு

தன்னைக் குறித்தும், உலகைக் குறித்தும், எதிர்காலத்தைக் குறித்தும் எழும் எதிர்மறை எண்ணங்களே மனச்சோர்வின் மையம் என்றார் ஆரோன் பெக். இளமையில் உருவாகும் நம்பிக்கை நெடுங்காலம் உறங்கிக் கிடந்து, பின்னாளில் ஓர் இழப்பு நேர்கையில் விழித்தெழும் என்பது அவர் கொள்கை.

செட்டிநாட்டுச் சூழல்

வாரிசு இல்லாத நகரத்தார் குடும்பங்கள் பிறர் மகனைத் தம் மகனாக ஏற்பதைப் ‘பிள்ளை கூட்டுதல்’ என்பர். காரைக்குடியை அடுத்த சிறுகூடல்பட்டியில் 1927-இல் பிறந்த முத்தையா, சிறுவயதிலேயே 7000 ரூபாய்க்குச் சுவீகாரம் தரப்பட்டு, நாராயணன் என்னும் பெயரில் வளர்ந்தார். அவரே கவிஞர் கண்ணதாசன். பெரியோர்க்கு இது குடும்பத் தொடர்ச்சி. குழந்தைக்கோ, ‘நான் வேண்டாதவன்’ என்றும் ‘நான் விரும்பி ஏற்கப்பட்டவன்’ என்றும் இருவகையாகப் பொருள்கொள்ள இடமுண்டு. எப்பொருள் வேரூன்றும் என்பதைச் சடங்கு தீர்மானிப்பதில்லை. புகுந்த வீட்டின் அன்பும், காரணத்தை எடுத்துரைக்கும் சொல்லும், பெற்றோரோடு தொடரும் உறவும் அதில் பெரும்பங்கு வகிக்கின்றன.

விலகி நின்று நோக்குதல்

தம் வாழ்வைக் கூறும் ‘வனவாசம்’ நூலில் கண்ணதாசன் தம்மை ‘அவன்’ எனப் படர்க்கையில் சுட்டுகிறார். இதைக் கொண்டு அவரது மனநிலையைக் கணிப்பது முறையன்று. ஆயினும், தன் துன்பத்தைப் பிறர்போல் விலகி நின்று நோக்குவது அதையே மீளமீள அசைபோடுவதைக் குறைக்கக்கூடும் என்னும் ஈதன் கிராஸ், ஓஸ்லெம் ஐடுக் ஆகியோரின் ஆய்வு முடிவு இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

முடிவுரை

நடந்ததை மாற்ற இயலாது. அதற்குக் கற்பித்த பொருளை மறுஆய்வு செய்ய இயலும். பெக் வகுத்த சிகிச்சைமுறையின் அடிப்படையும் இதுவே. ‘என்னால் முடியாது’ என ஒதுங்கும் மாணவரைச் சோம்பேறி என முத்திரையிடும் ஆசிரியர், அம்மாணவரின் பழைய நம்பிக்கைக்குப் புதிய சான்றொன்றைச் சேர்த்துவிடுகிறார். அவ்வெண்ணம் எங்கிருந்து வந்தது எனப் பொறுமையுடன் கேட்பதும், தேவைப்படின் மனநல வல்லுநரிடம் ஆற்றுப்படுத்துவதும் கல்வியாளரின் கடமையாகும்.