காதுக்குள் பேசும் குரல்

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் புத்தளம் களப்பு. நடுவே நீண்டு கிடக்கும் கற்பிட்டிக் குடாநாட்டின் ஊர்களில் ஒன்று குறிஞ்சிப்பிட்டி. இந்தப் பக்கத்தில் ஒரு பிள்ளை, "காதுக்குள்ள யாரோ பேசுறாங்க" என்று சொல்லத் தொடங்கினால் முதலில் தண்ணீர் ஓதிக் கொடுப்பார்கள், தாயத்துக் கட்டுவார்கள். வைத்தியசாலை அதற்குப் பிறகுதான். மாத்திரை தொடங்கி மாதங்கள் கழிந்தும் குரல் ஓயாவிட்டால் கைத்தொலைபேசியில் தேடல் ஆரம்பமாகிறது. "காந்தம் வைத்துச் சரியாக்கலாமாமே?" என்ற கேள்வி வருவது அங்கிருந்துதான்.

கேள்வி நியாயமானது. அப்படி ஒரு கருவி இருக்கிறது. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தனி பார்க்கர் குழுவினர் கம்பிச் சுருள் ஒன்றைத் தலைமேல் பிடித்து மின்சாரத்தைப் பாய்ச்சினார்கள். கை தானாகத் துடித்தது. சுருளில் எழும் காந்தத் துடிப்பு மண்டையோட்டைக் கடந்து, அடியிலுள்ள மூளைப் பரப்பில் சிறு மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. மயக்க மருந்து தேவையில்லை. ஷாக் வைப்பது என்று நம்மவர்கள் பயப்படும் சிகிச்சை வேறு, இது வேறு. சுருள் 'டக் டக்' என்று சத்தமிடுவதால் காதை அடைத்துக்கொள்வார்கள். தலைவலி வரலாம், வலிப்பு மிக அரிது. தலைக்குள் உலோகம் பொருத்தியவர்களுக்கு ஆகாது.

உளப்பிளவை (ஸ்கிசோஃப்ரினியா) நோயில் கேட்கும் குரல், நோயாளியின் மனம் தனக்குள் பேசும் பேச்சே அந்நியக் குரலாகக் கேட்பது என்றொரு விளக்கம் உண்டு. அப்படியானால் பேச்சைப் புரிந்துகொள்ளும் பகுதியை அமைதிப்படுத்தினால் என்ன? அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஹாஃப்மன் இடது காதுக்கு மேலே, சற்றுப் பின்னால், விநாடிக்கு ஒன்றாக மெதுவான துடிப்புகளைக் கொடுத்தார். 2000இல் 'லான்செட்' இதழில் வந்த அவரது ஆய்வில் 12 பேர். குரல்கள் தணிந்தன. உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஆனால் 2011இல் நெதர்லாந்தில் 62 பேரிடம் செய்த ஆய்வில், பொய்ச் சிகிச்சை பெற்றவர்களுக்குக் கிடைத்த நிவாரணத்தைவிட மெய்யான காந்தம் கூடுதலாக எதையும் தரவில்லை. மனச்சோர்வுக்கு இந்தச் சிகிச்சையை அமெரிக்கா 2008இலேயே அனுமதித்தது. குரல்களுக்கு இன்னும் ஆய்வுதான் நடக்கிறது. பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் காந்தத்துக்குப் பதில் மெல்லிய மின்னோட்டத்தை வைத்து முயன்றுவருகிறார்கள். காணி விற்று, வெளிநாடு போய்ச் செய்யும் அளவுக்கு இது உறுதிப்பட்ட வைத்தியம் அல்ல என்பதே என் எண்ணம்.

எல்லாருக்கும் ஒரே குரல் கேட்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மானிடவியலாளர் தான்யா லூர்மன் சென்னையில் 20 பேரிடமும், கலிபோர்னியாவிலும் கானாவின் அக்ராவிலும் அவ்வளவு பேரிடமும் பேசினார். கலிபோர்னியாக்காரர்கள் பலருக்கு முகமறியாத, வன்முறைக் குரல்கள். சென்னையில் பலருக்குச் சொந்தபந்தங்களின் குரல். ஏசும், வேலை சொல்லும், சில நேரம் கேலியும் பண்ணும். இதைப் படித்த நாளிலிருந்து, அப்படிப்பட்ட பிள்ளையிடம் "ஒன்றும் கேட்கவில்லை, சும்மா இரு" என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. யார் பேசுகிறார்கள், என்ன சொல்கிறார்கள் என்று கேட்டால் பிள்ளை வாய் திறக்கும். செத்துப்போ என்று குரல் ஏவுகிறதா என்பதும் அப்போதுதான் வீட்டாருக்குத் தெரியவரும். ஏவினால் அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

இரண்டு மருந்துகளைச் சரியான அளவில், போதிய காலம் கொடுத்தும் குரல் நிற்கவில்லை என்றால் காந்தத்துக்கு முன்னால் வைத்தியரிடம் கேட்க வேண்டியது குளோசபின் பற்றி. பழைய மருந்துதான், மற்றவை தோற்ற இடத்தில் பலருக்குக் கைகொடுத்திருக்கிறது. ஆனால் இரத்தத்தில் வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடக்கூடும். அதனால் முதல் 18 வாரமும் வாரம் தவறாமல் இரத்தம் எடுத்துப் பார்ப்பது வழக்கம். தோட்ட வேலையையும் கடல் தொழிலையும் விட்டுவிட்டு, அந்தப் பிள்ளையோடு 18 தடவை பஸ் ஏறி வைத்தியசாலைக்குப் போய்வர வீட்டில் ஒரு ஆள் வேண்டும்.